தலப்பிரசவத்துக்கு ஊருக்கு வர வேணாம் தங்கம்

தங்கம்,

சாப்ட்டியான்னா சாப்ட்டேன்மா, தூங்குனியான்னா தூங்குனேன்மா, அதுக்கு மேல ஒரு வார்த்தை உன் வாயில இருந்து வரல. ஸ்கேனுக்கு அப்புறந்தான் இப்படி. மாப்பிள்ளை எல்லாம் சொல்லிட்டாரு, அவரக் கோவிச்சுக்காத. வயித்துல இருக்குற குழந்தையோட உதரவிதானத்துல, அதான் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற சதைத் தடுப்புல, இடது பக்கம் ஓட்டை, குடல் நெஞ்சுக்குள்ள ஏறியிருக்கு, ஈரல் கீழதான் இருக்கு, நுரையீரல் அளவு 31 சதவீதம். காலம்பூரா லேபர் வார்டுல நின்ன அம்மாகிட்ட சொல்ல என்னடி தயக்கம்?

அந்த 31 பாஸா பெயிலான்னு பாக்குற மார்க் இல்லம்மா. நுரையீரல தலை சுத்தளவோட ஒப்பிட்டு, அந்த வாரத்துல இருக்க வேண்டியதுல எவ்வளவு இருக்குன்னு பாக்குறது. 25க்குக் கீழ போனாதான் ரொம்ப மோசம், ஈரலும் ஏறியிருந்தா இன்னும் கஷ்டம், நமக்கு ரெண்டும் இல்ல. நுரையீரல் வளர, வயித்துல இருக்கும்போதே குழந்தையோட மூச்சுக்குழாய்ல பலூன் வைக்கலையேன்னு ராத்திரியெல்லாம் நெட்ல தேடுறியாம். 2021ல வந்த பெரிய ஆய்வுல ரொம்ப மோசமான குழந்தைங்களுக்குத்தான் அது கைகொடுத்துச்சு, பலூன் இல்லாம 15 சதவீதம் பொழைச்ச இடத்துல பலூன் வச்சு 40 சதவீதம் பொழைச்சாங்க. நம்மள மாதிரி நடுத்தரத்துக்கு உறுதியா பலன்னு சொல்ல முடியல, குறைமாசப் பிரசவம்தான் கூடிருச்சு. பலூன் வைக்காமலே அந்த நடுத்தரத்துல பாதிக் குழந்தைங்க வீட்டுக்குப் போயிருக்காங்க. பாதின்னா பாதிதான், உனக்காக கூட்டிச் சொல்ல மாட்டேன்.

ஊருக்கு மட்டும் வராத. தலப்பிரசவம் தாய்வீட்லதான்னு அப்பத்தா பிடிச்ச பிடியா நிக்குது, நான் பாத்துக்குறேன். என்ஐசியூவும் (பச்சக் குழந்தைங்களோட தீவிர சிகிச்சை வார்டு) குழந்தைங்க சர்ஜனும் ஒரே கட்டடத்துல இருக்கணும், சென்னையிலயே இரு. வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி வை.

இன்னொன்னு, பொறந்ததும் அழுகைச் சத்தம் கேக்கலன்னு பதறாத. உடனே தொண்டைல டியூப் போட்ருவாங்க. மாஸ்க் வச்சு காத்து அமுக்க மாட்டாங்க, அமுக்குனா வயித்துக்கும் குடலுக்கும் காத்து போயி நுரையீரல இன்னும் நெருக்கும். மூக்கு வழியாவோ வாய் வழியாவோ வயித்துக்கும் ஒரு டியூப் போகும். ஆபரேஷன் அன்னைக்கே பண்ண மாட்டாங்க, நுரையீரல் ரத்த அழுத்தம் அடங்கட்டும்னு காத்திருப்பாங்க, அத தாமதம்னு நெனச்சு மாப்பிள்ளை அங்க சண்டை போட வேணாம். நீ பால எடுத்து சேத்து வை.

சின்னதுல இருந்தே எதையும் தனியாத் தாங்குவ, அதுல எனக்குப் பெருமைதான். ஆனா இத தனியாத் தாங்காத, சென்னையிலயே இரு, நான் அங்க வந்துர்றேன். அடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்ட நீயே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, மாப்பிள்ளை வழியா வேணாம்.

அம்மா