கல் எடுக்கப் போகிற கலாவுக்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. முழங்கால் வலிக்கு வைத்தியம் நடக்கிறது. மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், என் மேசையோ மாடியில் கிடந்தது. ஒருவழியாக அதைக் கீழே இறக்கியாயிற்று. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டதால் அதன் மேல் பேனாவைக்கூட வைக்க முடியவில்லை, அது வேறு கதை. ஓய்வு பெற்ற பிறகும் பழைய கட்டடம் என்றால் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். நானும் முழங்காலை மறந்துவிட்டுப் போய் நிற்கிறேன்.

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரருக்கு வெள்ளை மார்பிள் வேண்டும், மகளுக்குக் கருப்பு கிரானைட் வேண்டும், உனக்கு வெளிச்சுவருக்கு மணற்கல் வேண்டும். "இதில் எது நல்ல கல்?" என்று கேட்டிருக்கிறாய். மூன்றுமே நல்ல கல்தான். எதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: கையில் இருக்கும் துண்டு சுண்ணாம்பு வகையா, சிலிக்கா வகையா?

மார்பிள், சுண்ணாம்புக்கல், டிராவர்டைன் எல்லாம் கால்சியம் கார்பனேட் சார்ந்தவை. எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எது பட்டாலும் அரிக்கும். கிரானைட், குவார்ட்சைட் போன்றவை சிலிக்கா வகை. வீட்டில் புழங்கும் சாதாரண அமிலங்களுக்கு அவை அசையாது. கடினத்திலும் இதே வித்தியாசம்தான். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிளில் இருக்கும் கால்சைட் 3, கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் 7. செருப்போடு உள்ளே வரும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். எனவே வாசலில் மிதியடி இல்லாத வீட்டில் மார்பிள் தரை போட்டால், வருகிற போகிற எல்லோரும் அதை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்.

கடையில் சொல்லும் பெயரை வைத்து முடிவு பண்ணாதே. கருப்பு கிரானைட் என்று விற்பதில் பல கற்கள் நிலவியல்படி கேப்ரோ, டோலரைட் என்ற வேறு பாறைகள். அதனால் உனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, அவையும் உறுதியானவைதான். வில்லங்கம் வருவது குவார்ட்சைட் என்ற பெயரில். வெள்ளையாக, சாம்பல் ரேகையோடு இருக்கும் சில மார்பிள்களும் அந்தப் பெயரில் விலைபோகின்றன. நம்பி வாங்கிச் சமையல் மேடையில் போட்டுவிட்டு, பிறகு மங்கிப்போகிறதே என்று தவிப்பவர்கள் உண்டு. உண்மையான குவார்ட்சைட்டின் உடைந்த முனையால் கண்ணாடிப் புட்டியை அழுத்திக் கீறினால் கோடு விழும். மார்பிளால் கீறினால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொரு சோதனையும் செய்து பார். எடுக்கப்போகும் அதே ஸ்லாபிலிருந்து ஒரு பாலிஷ் துண்டு கேட்டு வாங்கு. ஒரு ஓரத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, கொஞ்சம் தள்ளித் தண்ணீர் ஒரு சொட்டு, இன்னும் தள்ளி எண்ணெய் ஒரு சொட்டு விடு. கால் மணி நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, துண்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார். எலுமிச்சை இருந்த இடத்தில் வெளிச்சம் பளபளக்காமல், தொட்டால் லேசாகச் சொரசொரவென்று ஒரு வட்டம் தெரிந்தால் அது சுண்ணாம்பு வகை. தண்ணீர் இருந்த இடம் கருத்திருந்தால் அந்தக் கல் உறிஞ்சுகிறது. எண்ணெய் வட்டம் மறுநாளும் போகவில்லை என்றால் அதைச் சமையல் மேடைக்கு எடுப்பதை யோசித்துச் செய். கருப்புக் கல் என்றால் வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பார். துணியில் கருப்பு ஏறினால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

"சீலர் அடித்துவிட்டால் பயமே இல்லை" என்று விற்பவர் சொல்வார். சீலர் கல்லின் நுண்துளைக்குள் இறங்கி, எண்ணெயும் தண்ணீரும் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அமிலம் வேலை செய்வது மேற்பரப்பில். அதைச் சீலர் தடுக்காது. மார்பிளில் எலுமிச்சை விட்டுப்போகும் மங்கலை எத்தனை முறை கழுவினாலும் எடுக்க முடியாது. அங்கே அழுக்கு எதுவும் இல்லை, கல்லே கரைந்திருக்கிறது. திரும்பப் பாலிஷ் போட்டால்தான் சரியாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே மார்பிள் போடுவதென்றால் பளபளப்பு வேண்டாம், ஹோன்டு என்று சொல்லும் மங்கல் மெருகை எடு என்பேன். அதில் புது மங்கல்கள் கண்ணுக்கு அவ்வளவாக உறுத்தாது. குளியலறைத் தரைக்கும் அதுவே நல்லது, கால் அவ்வளவாக வழுக்காது. அடர்த்தியான கருப்புக் கல்லோ பெரும்பாலும் உறிஞ்சுவதே இல்லை. அதில் சீலர் அடித்தால் மேலே படலமாக நின்று திட்டுத்திட்டாகத் தெரியும்.

மணற்கல்லைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். சமீபத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மணற்கல் சுவரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். "பாதுகாப்புக்கு" என்று சொல்லி அதன் மேல் யாரோ பளபளவென்று ஒரு பூச்சு அடித்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் புதுக் கல் மாதிரி இருந்தது. கிட்டே போய் விரல் முட்டியால் தட்டினால் பொத்பொத்தென்ற சத்தம். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினேன். ஒரு விரற்கடை அகலத்துக்குத் தோல் மாதிரி பிரிந்து வந்தது. பின்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று உப்புப் பொடி. நிலத்தின் ஈரம் சுவர் வழியாக மேலே ஏறுகிறது, கூடவே உப்பையும் கொண்டுவருகிறது. பூச்சு இல்லாவிட்டால் ஈரம் முகப்பில் உலர்ந்து உப்பு வெளியே பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். பூச்சு அடைத்துக்கொண்டதால் அந்த உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், அதனால் கல்லின் முகத்தை உள்ளிருந்தே தள்ளிக் கழற்றிவிடுகிறது. கல் இடுக்கெல்லாம் சிமென்ட் வேறு அடைத்திருந்தார்கள். பழைய சுவரில் இருந்த சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்துக்கு அந்த வழியும் போயிற்று. அந்தச் சுவரை அரித்தது வெயிலும் மழையும் இல்லை கலா, அதன் மேல் வைத்த அக்கறைதான்.

எனவே உன் வெளிச்சுவரில் முதல் வேலை, கீழிருந்து ஈரம் ஏறாமல் அஸ்திவார மட்டத்தில் தடுப்பது. கல் அதற்கு அப்புறம். இன்னொன்று, மணற்கல் படிவுப் பாறை, அடுக்கடுக்காக உருவானது. கனமான கல்லை வைத்துச் சுவராகவே எழுப்புவதானால் குவாரியில் கிடந்தபடியே அடுக்கு கிடைமட்டமாக வரும்படி வைக்கச் சொல். அடுக்கு சுவர் முகத்துக்கு இணையாக வந்தால் நாளாவட்டத்தில் ஒவ்வொரு அடுக்காக உரியும்.

உன் வீட்டுக்காரர் வெளிமுகப்பிலும் வெள்ளை மார்பிள் ஒட்டலாம் என்கிறார் என்றாய். அவரிடம் ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் இருக்கும் ஃபின்லாண்டியா மண்டபத்தைப் பற்றிச் சொல். கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்து 1971இல் திறக்கப்பட்டது, சுவர் முழுக்க இத்தாலியின் கர்ராரா மார்பிள். மெல்லிய பலகைகள் எல்லாம் வளைந்துபோய், 1990களின் கடைசியில் அத்தனையையும் மாற்றினார்கள். கட்டடத்தின் தோற்றம் மாறக்கூடாது என்று மறுபடி கர்ராராவையே போட்டார்கள், அதுவும் வளைந்தது! சிகாகோவில் 1973இல் கட்டிய ஆமோகோ கோபுரத்துக்கும் இதே கதிதான். ஏறக்குறைய 43,000 மார்பிள் பலகைகளை 1990 தொடங்கி 1992க்குள் கழற்றிவிட்டு கிரானைட் போட்டார்கள். காரணம் கால்சைட் படிகத்தின் குணம். சூடானால் அது ஒரு திசையில் விரியும், குறுக்குத் திசையில் லேசாகச் சுருங்கும். பக்கத்துப் படிகங்கள் வெவ்வேறு திசையில் திரும்பி நிற்பதால் ஒன்றை ஒன்று தள்ளி, நாளுக்கு நாள் பிடிப்பு விட்டுப்போகிறது. ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. கனமான மார்பிள் கட்டிகள் நூற்றாண்டுகள் நிற்கும்; மெல்லிய பலகைக்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது.

பதிக்கும்போது நீ பக்கத்தில் இரு. வெள்ளைக் கல்லுக்கு அடியில் சாம்பல் சிமென்ட் போட்டால் கறை மேலே வந்துவிடும், வெள்ளைப் பசைதான் போட வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் பசையை அப்பி ஒட்டுவார்கள், விடாதே. அடியில் காலியாக இருக்கும் இடத்தில்தான் பிறகு விரிசல் விழும். பச்சை மார்பிள் என்று விற்பது பெரும்பாலும் செர்பென்டைன் கல். தண்ணீர் கலந்த பசையில் ஒட்டினால் ஈரம் குடித்து வளையும், அதற்குத் தண்ணீர் சேராத எப்பாக்ஸி பசை வேண்டும். அப்புறம், கல்லைத் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல், உலர்வாக அறுக்க விடாதே. அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. குவார்ட்ஸ் பொடியை ரெசினில் கலந்து செய்யும் செயற்கைக் கல்லில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து அதைத் தடையே செய்துவிட்டது. அறுக்கிறவர் முகத்தில் நல்ல முகமூடி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு.

துடைக்கிற விஷயத்தில் உனக்குப் பெரிதாக வேலை இல்லை. காய்ந்த துடைப்பான், வெதுவெதுப்பான நீர், அமிலமோ காரமோ இல்லாத சோப்பு போதும். கழிவறை ஆசிட் மார்பிள் பக்கமே வரக்கூடாது. துருக்கறை எடுக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், அது கிரானைட்டையே தின்றுவிடும். எண்ணெய்க் கறை உள்ளே இறங்கிவிட்டால் தேய்க்காதே, பற்று போடு. களிமண் பொடியையோ சமையல் சோடாவையோ அசிட்டோனில் குழைத்துக் கறை மேல் அரை விரல் தடிமனுக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடு. பிறகு தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிடு. காயும்போதுதான் அது எண்ணெயை மேலே இழுக்கும். ஒரு தடவையில் போகாவிட்டால் இரண்டாம் தடவை போடு. தாஜ்மகாலின் மஞ்சள் படிவை எடுக்கத் தொல்லியல் துறை முல்தானி மட்டியை அப்புவதும் ஏறக்குறைய இதே முறைதான். ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது, அசிட்டோன் சட்டென்று பற்றும்.

ஆக, என் யோசனை: சமையல் மேடைக்கு மகள் கேட்ட கருப்புக் கல். கூடத்துக்கு அவர் கேட்ட வெள்ளை மார்பிள், மங்கல் மெருகில். வெளிச்சுவருக்கு உன் மணற்கல், மேலே எந்தப் பூச்சும் இல்லாமல். ஆளுக்கொன்று கிடைத்துவிட்டது, சண்டை தீர்ந்தது போ. ஸ்லாப் வந்ததும் அறுக்கும் முன்னே தரையில் பரப்பி ரேகை ஓட்டம் பார்த்து, சாக்பீஸால் எண் போட்டுவிடு. இரண்டு பலகை கூடுதலாக வாங்கி ஒதுக்கி வை, பின்னால் ஒன்று உடைந்தால் அதே குவாரியில் அதே நிறம் கிடைப்பது நிச்சயமில்லை.

எலுமிச்சைச் சோதனை செய்ததும் அந்தத் துண்டைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. வெள்ளைக் கல்லில் ஏதாவது பழுப்புப் புள்ளி தெரிந்தால் அதையும் கிட்டத்தில் எடு. உள்ளே இரும்புத் தாது இருந்தால் பிற்பாடு துருப்பிடிக்கும், அந்த ஸ்லாபை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அன்புடன்,
வசந்தி