பிறந்தநாள் குழுவினருக்கு, கேக் டப்பாவின் பக்கத்து மேசையிலிருந்து

அன்புள்ள அலுவலகப் பிறந்தநாள் குழுவினருக்கு,

வணக்கம். மாதத்துக்குக் குறைந்தது மூன்று பிறந்தநாள். பிறந்தநாள் வராத வாரத்தில் யாருக்காவது பதவி உயர்வு வந்துவிடுகிறது, இல்லையென்றால் யாராவது வேலையை விட்டுப் போகிறார்கள். கொண்டாடுங்கள், எனக்கு அதில் வழக்கில்லை. மீதிக் கேக்கை என் மேசைக்குப் பக்கத்து அலமாரியின்மேல் கொண்டுவந்து வைக்கிறீர்களே, அதில்தான் வழக்கு.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் மாத்திரை, இரவில் இன்சுலின். இந்த எட்டு ஆண்டுகளில் என் மூக்கு மட்டும் நன்றாகத் தேறியிருக்கிறது. மூடிய டப்பாவுக்குள் இருப்பது சாக்லேட்டா வெனிலாவா என்று இருபது அடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். போன வெள்ளிக்கிழமை அச்சு இயந்திரத்துக்குப் பதினோரு முறை நடந்தேன். அச்சிட வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள். அந்த அலமாரியைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போக முடியும் என்பதைக் குழுவுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். ஏழாவது நடையில் டப்பாவின் மூடி ஒரு விரற்கடை திறந்திருந்தது. நான் திறக்கவில்லை. ஒன்பதாவது நடையில் அட்டையின் உள்விளிம்பில் கொஞ்சம் கிரீம் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்தாவது நடையில் அது அங்கே இல்லை. அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கும் என் மனசாட்சிக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

உங்கள் குழுவுக்குள் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. முதலாவது, 'ஒரு துண்டுதானே, ஒன்றும் ஆகாது' கட்சி. உங்களிடம் நான் தப்பலாம், ஆனால் எச்பிஏ1சி பரிசோதனையிடம் தப்ப முடியாது. ரத்தச் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். அதை அளந்துதான் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்கிறார்கள். ரத்தம் கொடுக்கப் போவதற்கு முன் மூன்று நாள் முனிவரைப் போலப் பத்தியம் இருந்து பார்த்தேன். மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். உங்கள் மூன்று பிறந்தநாளும் ஒரு பிரிவுபசாரமும் அந்தத் தாளில் இருந்தன.

இரண்டாவது, காவல் கட்சி. நான் தட்டை நோக்கிக் கை நீட்டினால் போதும், "சார், உங்களுக்குக் கூடாதே!" என்று அறை முழுவதும் கேட்கும்படி ஒரு குரல் எழும். உண்மையில் சர்க்கரை நோயாளி வாழ்நாள் முழுவதும் கேக்கைத் தொடவே கூடாது என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு, எப்போதாவது சின்னத் துண்டு ஒன்று சாப்பிட்டு, பிறகு கொஞ்சம் நடக்கலாம். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தணிக்கை அதிகாரி தேவையில்லை.

என்மேல் இரக்கப்பட்டு, சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் வாங்கி வந்தவருக்குத் தனியாக ஒரு நன்றி. சர்க்கரைதான் இல்லையே என்று எட்டு பிஸ்கட் சாப்பிட்டேன். மாவு வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ் ஆகிவிடும் என்பதை விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது கருவி எடுத்துச் சொன்னது. அதில் இனிப்புக்காகச் சேர்த்திருந்த மால்டிட்டால் அளவு மீறினால் வயிற்றை இளக்கிவிடும் என்பதும் அன்று மாலையே தெரிந்தது. கூட்டத்தின் நடுவில் நான் மூன்று முறை எழுந்து போனது எதிர்ப்பைக் காட்ட அல்ல.

"தேன் சாப்பிடலாம், அது இயற்கை" என்று சொல்பவருக்கு: தேனும் சர்க்கரைதான். இந்த நோய்க்குப் பழைய வைத்திய நூல்கள் வைத்த பெயரே மதுமேகம், அதில் மது என்றால் தேன். நோயின் பெயரிலேயே இருப்பதை மருந்தாகவும் கொடுத்தால் எப்படி?

இனி, போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம் நீண்டு மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கும் வரவில்லை. மாத்திரை மட்டும் தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது. கை நடுங்கியது, சட்டைக் காலர் வியர்வையில் நனைந்தது. கருவி 62 காட்டியது. 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "கொஞ்சம் சர்க்கரை கொடுங்கள்" என்றேன். காவல் கட்சியைச் சேர்ந்தவர் சர்க்கரை டப்பாவைத் தூக்கி மேல் அடுக்கில் வைத்தார். இன்னொருவர் ஓடிப்போய்க் குளிர்பானம் கொண்டுவந்தார், சர்க்கரை இல்லாத வகையாகப் பார்த்து. மூன்றாமவர் வெண்ணெய் கிரீம் கேக்கை நீட்டினார். கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவது தாமதமாகும் என்று அவருக்கு விளக்க எனக்கு வாய் குழறியது. எட்டு ஆண்டுகளாக இனிப்பைத் துரத்திவிட்டவன், அது வேண்டும் என்று கெஞ்சிய ஒரே நாளில் கிடைத்த மரியாதை இது.

கடைசியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரமான பெண்தான் நாற்காலிமேல் ஏறி அந்த டப்பாவை எடுத்து, நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். சரியாகக் கரையக்கூட இல்லை. அடியில் நின்ற சர்க்கரையை விரலால் வழித்துச் சாப்பிட்டேன். மருத்துவர் அனுமதியோடு அவ்வளவு ருசியாக வேறெதையும் நான் சாப்பிட்டதில்லை.

ஆகவே, அந்த டப்பா கீழ் அடுக்கிலேயே இருக்கட்டும். கேக் டப்பா அலமாரியிலிருந்து எங்காவது தொலைதூரத்துக்கு இடம் மாறட்டும், மேலாளர் அறையாக இருந்தாலும் சரி. வேண்டுமா என்று என்னிடம் ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் இரண்டாம் முறை கேட்காதீர்கள், வேண்டும் என்றால் கத்தாதீர்கள்.

உங்கள் பட்டியலில் ஒரு பிறந்தநாள் விடுபட்டிருக்கிறது. நவம்பர் 14. இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரடெரிக் பான்டிங் 1891இல் பிறந்த நாள் அது. அதனால்தான் அன்று உலக நீரிழிவு நாள். அவர் இல்லையென்றால் உங்களுக்கு இந்த மடல் எழுத நான் இருந்திருப்பேனா என்பதே சந்தேகம். அன்றைக்கு நீங்கள் கேக் வெட்டினால் நான் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். சின்னத் துண்டு போதும். ஆனால் கிரீம் ரோஜா இருக்கும் துண்டாகப் பார்த்து வெட்டுங்கள்.

இப்படிக்கு,
அச்சு இயந்திரத்துக்கு அடிக்கடி நடப்பவர்