செயலாளர் ஆண்டறிக்கை: ரஜூலாவும் ரோனாவும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழைக்காலம் நீங்கலாக மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் போகும் முன் அவரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இந்த ஆண்டின் பெரும்பகுதி ஒரு கப்பலுக்கே போனது. நாகையில் ரஜூலாவைத் தெரியாத பழைய வீடு குறைவு. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் கரையிலிருந்து படகில் போய் ஏறிய கப்பல் அது. அதே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக, அதே 1926இல், அதே சென்னை - நாகை - சிங்கப்பூர் தடத்துக்கென்று கட்டிய ஜோடிக் கப்பல்தான் ரோனா. இந்தப் பெயரைச் சொன்னால் நம் உறுப்பினர்களே முழித்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இரண்டும் துருப்புக் கப்பல்கள் ஆயின. ரஜூலா பிழைத்து 1970கள் வரை ஓடியது. ரோனா 1943 நவம்பர் 25 அன்று, சுமார் 2,000 அமெரிக்கச் சிப்பாய்களோடு, ஓரான் துறைமுகத்திலிருந்து சூயஸ் வழியாக இந்தியாவுக்குக் கிளம்பியது. மறுநாள் மாலை அல்ஜீரியக் கடற்கரைக்கு அப்பால் ஒரு ஜெர்மன் விமானம் ஹென்ஷல் 293 குண்டை அதன்மேல் ஏவியது. இறக்கையும் ராக்கெட்டும் பொருத்திய குண்டு. விமானத்தில் இருந்தபடியே வானொலி அலையால் திருப்பலாம். கப்பலின் பக்கவாட்டைத் துளைத்து உள்ளே வெடித்தது. உயிர்காப்புப் படகுகள் பலவற்றை இறக்கவே முடியவில்லை, கடலும் கொந்தளிப்பு. இருட்டிய பிறகும் தேடி, பயனியர் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் மட்டும் 606 பேரைத் தூக்கியது. மாண்டவர்கள் 1,138 பேர். அதில் 1,015 பேர் அமெரிக்கத் துருப்புகள். விவரத்தை அமெரிக்க அரசு பல ஆண்டுகள் வெளியே விடவில்லை.

சரி, மற்றவர்களில் பெரும்பாலோர் யார்? கப்பல் ஊழியர் 195 பேரில் 117 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் லஸ்கர்கள், அதாவது வெள்ளைக்காரக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகள். சிப்பாய்களுக்கு அலபாமாவில் நினைவுக்கல் இருக்கிறது, நல்லதுதான். லஸ்கர்களை மட்டும் எழுதுகிறவர்கள் ‘மற்றும் ஊழியர்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். செயலாளருக்கு இதில் கோபம் உண்டு, குறிப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

போரில் மாண்ட இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயரேடு மும்பையில் ஒன்றும் சிட்டகாங்கில் ஒன்றும் உள்ளன. ரோனா ஊழியர்களைத் தேடி மும்பைக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பச் செயற்குழு தீர்மானித்துள்ளது. ரயில் செலவு அவர்களுடையது, தங்கும் செலவு மன்றத்தினுடையது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

அப்புறம், வீட்டில் பழைய கப்பல் டிக்கெட், போட்டோ ஏதும் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்