இரண்டாம் தவணை விடுமுறையும் வளவில் மூட்டும் நெருப்பும்

அன்பான பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடி நிறைவடைகிறது. கோட்ட மட்டப் போட்டிகளில் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு விடயம். பனங்காய்க் காலம் வந்துவிட்டது. பின்னேரங்களில் வளவுக்குள் நெருப்பு மூட்டிப் பனங்காய் சுடுவதை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. கைபேசியோடு இருப்பதிலும் அது நல்லதுதான். ஆனால் இந்தத் தவணையில் சூட்டுக்காயத்தோடு பாடசாலைக்கு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

சோளகக் காற்று பலமாக வீசும் நாளில் மூட்டவே வேண்டாம். கிடுகு வேலிக்கு ஒரு பொறி போதும். மற்ற நாட்களிலும் வீடு, வேலி, கொட்டிலில் இருந்து 25 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். அண்ணாந்தும் பாருங்கள், மேலே காவோலையோ மின்கம்பியோ தொங்கக்கூடாது. 3 அடி அகலம், 2 அடி உயரத்துக்கு மேல் எரிகிற நெருப்பு பனங்காய்க்கு அல்ல, வேடிக்கைக்கு. ஈரம் ஊறிய சுண்ணாம்புக்கல்லை அடுப்புக்கு வைத்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். இரண்டு வாளி தண்ணீரை முன்னரே நிரப்பி வையுங்கள். கரண்ட் நின்றால் மோட்டர் உதவாது.

நெடுநாள் ஆளில்லாத வளவுகளில் மூட்டவே கூடாது. யுத்தகால வெடிபொருள் மண்ணுக்குள் கிடந்தால், மேலே எரியும் சூட்டிலேயே வெடிக்கக்கூடும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் விலகி 119க்கு அறிவியுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெற்றோலோ மண்ணெண்ணெயோ பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது. பெற்றோல் ஆவி நிலத்தோடு படரும்; தீக்குச்சி தட்டியதும் நிற்கிற இடமே பற்றும். எரிகிற நெருப்பில் ஊற்றினால் போத்தல் வரை தீ ஏறும். பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் மூட்டியதாக அறிந்தால் பெற்றோரை அழைத்தே கதைப்பேன்.

அணைப்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. பொச்சுமட்டைத் தணல் மேலே வெள்ளைச் சாம்பலாகத் தெரியும், உள்ளே விடியும்வரை கனலும். மண்ணைப் போட்டு மூடிவிட்டால் அடுத்தநாள் வெறுங்காலோடு ஓடுகிற சின்னவரின் உள்ளங்கால் வெந்துவிடும். தண்ணீர் ஊற்றி, தடியால் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டப் பிடித்தால் சூடு தெரியக்கூடாது.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் ஐஸும் வேண்டாம். முகத்திலோ கையிலோ மூட்டிலோ பட்டால், அல்லது காயம் பெரிதென்றால், 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

உங்களில் பெரும்பாலானோர் இதையெல்லாம் கவனிப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். நெருப்புப் பக்கத்தில் கதிரை போட்டுக் கடைசித் தணல் அணையும்வரை இருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாருக்குப் பாடசாலையின் தனிப்பட்ட நன்றி.

இங்ஙனம்,
அதிபர்