தூணில் 1987-க்கும் இடம் விடுங்கள்

பேரூராட்சி மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

பேருந்து நிலையத்துக்கு எதிரே நம்மூர்ப் படைவீரர்களுக்கு நினைவுத்தூண் எழுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அதில் பொறிக்கப் போகிற விவரத்தையும் பார்த்தேன். 1962, 1965, 1971, கார்கில் எல்லாம் இருக்கின்றன. 1987-ல் இலங்கைக்குப் போன நம்ம ராணுவம் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "அது நம்ம சண்டை இல்லீங்களே" என்றார் உறுப்பினர் ஒருவர்.

யார் சண்டையாக இருந்தால் என்ன, போனது நம்ம ஆட்கள்தானே? 1987 ஜூலை 29 அன்று இலங்கையோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கவென்று போன படை, அக்டோபரில் புலிகளோடே மோத வேண்டியதாகிவிட்டது. 1990 மார்ச்சில் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறுவதற்குள் அங்கே உயிரை விட்டவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் தரப்பு. என் மாமன் வந்ததும் அப்படியொரு கப்பலில்தான்.

ஊருக்கு வந்தும் அவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? எண்பதுகளில் இதே கொங்குச் சீமையில், மேட்டூர்ப் பக்கம் கொளத்தூரில், புலிகளுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. நம்ம ஜனங்கள் அவர்களைச் சொந்தப் பிள்ளைகளைப் போல நினைத்த காலம் அது. அப்புறம் பவானிசாகரிலும் அறச்சலூரிலும் அகதி முகாம்கள் வந்தன. சந்தையில் யாழ்ப்பாணப் பேச்சு காதில் விழுந்தால் மாமன் தக்காளிகூட வாங்காமல் திரும்பிவிடுவாராம். அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சரி, காகிதங்களுக்கு வருகிறேன். ராணுவத்தில் ஊர்வாரியாகக் கணக்கு வைப்பதில்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் ஏடு வெலிங்டனில் இருக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை என்றால் பெங்களூரு, பீரங்கிப்படை நாசிக், தகவல் தொடர்பு பார்க்கும் சிக்னல்ஸ் ஜபல்பூர். ராணுவ நம்பரைச் சொன்னால் தேடுவார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி ஆளைக் கேட்க முடியாது. டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் இலங்கையில் இறந்தவர்கள் பெயர் உண்டு. அது இறந்தவர்களுக்கு மட்டும். கண்ணிவெடியில் காலைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அந்தச் சுவரில் இடமில்லை.

மற்றதெல்லாம் வீட்டு அட்டாலியில் டிரங்குப் பெட்டிக்குள்தான். மாமன் பெட்டியில், படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக் இருந்தது. ‘ஸ்ரீலங்கா’ என்று பட்டை போட்ட மெடல் ஒன்று, கரையான் பாதி தின்ற இன்லேண்ட் லெட்டர் ஒரு கட்டு. எல்லா லெட்டரையும் படித்தேன். சண்டையைப் பற்றி ஒரு வரி கிடையாது. சோளத்தட்டு அறுத்தாச்சா, எருமை கன்று போட்டதா, கிணற்றில் தண்ணி எவ்வளவு என்றுதான் ஒவ்வொன்றிலும் விசாரித்திருக்கிறார்.

அதனால் தூணை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் வார்டு வார்டாக ஆள் விட்டு, இலங்கைக்குப் போனவர்கள் யார் என்று எழுதுங்கள். இருபது வயதில் போனவர்களுக்கே இப்போது அறுபதை ஒட்டி வயசு. டிஸ்சார்ஜ் புக்கை செல்போனில் படம் பிடித்தாலே ராணுவ எண்ணும் யூனிட்டும் கிடைத்துவிடும். அதை வைத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மன்றத்தின் பேரில் விசாரிக்கலாம். எல்லாவற்றையும் நோட்டுப் போட்டு நம்மூர் நூலகத்தில் வையுங்கள். செத்தவர், பிழைத்தவர் என்று பிரிக்க வேண்டாம்.

அகதி முகாமில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். அந்தப் படையால் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதையும் அதே நோட்டில் எழுதுங்கள். மாமன் பெயர் இருக்கும் பக்கத்திலேயே அது வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அத்தைக்கு இருக்கும், நான் பேசிக்கொள்கிறேன்.

மாமனின் டிஸ்சார்ஜ் புக்கை ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். அசலைக் கேட்காதீர்கள், சாவி அத்தையிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்