நீல் சிலையும் ஒரு வெள்ளிப் பதக்கமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்காட்லாந்தின் ஏர் ஊரிலிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. இந்தச் சிலை யாருடையது, உன் தோழி வீட்டில் இருக்கும் 1857 புரட்சிக் காலப் பதக்கம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தாய். வெலிங்டன் சதுக்கத்தில் சிலையாக நிற்பவர் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல். நம் சென்னை மவுண்ட் ரோட்டிலும் இவருக்கு ஒரு சிலை இருந்தது. இரண்டையும் செய்தது மேத்யூ நோபிள் என்ற ஒரே சிற்பிதான். அதனால் உன் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

நீல் 1810இல் ஏர் பக்கத்தில் பிறந்தவர். 1827இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் சேர்ந்தார். 1852இல் தொடங்கிய பர்மா போரில் வேலை பார்த்தார். கிரிமியப் போர்க் காலத்தில் துருக்கிப் படைப்பிரிவில் இருந்தார். மெட்ராஸ் ஃபுசிலியர்ஸ் என்ற படைப்பிரிவின் பொறுப்பு கைக்கு வந்த கொஞ்ச நாளில் 1857 புரட்சி வெடித்தது. படையோடு கப்பலேறிக் கல்கத்தா போனார். ஹவுரா ஸ்டேஷனில் அவருடைய படைவீரர்கள் வந்து சேரத் தாமதமானது. நேரமாகிவிட்டது, வண்டியை எடுக்கத்தான் வேண்டும் என்றார் ரயில்வேக்காரர். அவரைக் காவலில் வைத்துவிட்டு, கடைசி ஆள் ஏறும்வரை ரயிலை நிறுத்தி வைத்தார் நீல். இந்த வேகத்தைத்தான் பிரிட்டனில் புகழ்ந்தார்கள்.

அதே வேகம் காசியிலும் அலகாபாத்திலும் என்ன செய்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்களைக் கொளுத்தினார்கள், கண்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். கான்பூரில் பீபிகர் வீட்டில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது பெரும் கொடுமை, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஜூலை 25 அன்று நீல் போட்ட உத்தரவைப் படித்தால் வயிறு கலங்கும். தண்டனை பெற்றவர்கள் தூக்குக்குப் போகுமுன் அந்த வீட்டின் ரத்தக்கறையைத் துடைக்க வேண்டும், மறுத்தால் சவுக்கடி. அந்த வேலை அவர்களுக்கு முடிந்தமட்டும் அருவருப்பாக இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதி வைத்தார். இரண்டே மாதத்தில், செப்டம்பர் 25 அன்று, லக்னோ தெருவில் குண்டடிபட்டு இறந்தார்.

சரி, உன் தோழி வீட்டுப் பதக்கத்துக்கு வருகிறேன். புரட்சியை அடக்கப் போன படையினருக்குப் பிரிட்டன் கொடுத்த வெள்ளிப் பதக்கம் இது. 1858இல்தான் அறிவிக்கப்பட்டது, அதனால் நீல் இதை அணிந்ததே இல்லை. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. மறுபக்கம் கையில் மலர்வளையத்தோடு பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் உருவம்), பின்னால் சிங்கம், மேலே 'இந்தியா' என்ற எழுத்து, கீழே 1857–1858. வெள்ளை ரிப்பனில் இரண்டு சிவப்புக் கோடுகள். இன்னின்ன சண்டையில் இருந்தார் என்று காட்ட ரிப்பனில் வெள்ளிப் பட்டை சேர்ப்பார்கள். டெல்லிக்கு உண்டு, லக்னோவுக்கு உண்டு, மத்திய இந்தியாவுக்கு உண்டு. காசிக்கும் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் கிடையாது! நீல் யார் என்று காட்டிய ஊர்கள் எதுவும் பதக்கத்தில் ஏறவே இல்லை. இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

உன் தோழி வீட்டுப் பதக்கத்தில் பட்டையே இல்லை என்று எழுதியிருந்தாய். அப்படியானால் அந்த மனிதர் எங்கே இருந்தார் என்பதைப் பதக்கம் சொல்லாது. படைப்பிரிவின் பதிவுகளில்தான் தேட வேண்டும். அவளுடைய முன்னோரைக் குற்றவாளி ஆக்காதே, நீல் செய்ததை அவர் மேல் ஏற்றாதே. ஆனால் அவள் கேட்டால் கான்பூர் உத்தரவைப் பற்றிச் சொல்லத் தயங்கவும் வேண்டாம். நம் பக்கத்துக் கதையையும் சொல். 1927இல் இளைஞர்கள் மவுண்ட் ரோடு சிலையைச் சுத்தியலால் அடித்துச் சிறைக்குப் போனார்கள், காந்தியும் அவர்களை ஆதரித்தார். 1937இல் ராஜாஜி ஆட்சி வந்த பிறகுதான் சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. உடைக்காமல் அங்கே அனுப்பியதுதான் சரி என்பது என் எண்ணம்.

பதக்கத்தின் விளிம்பில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து, எந்தப் படைப்பிரிவு என்று எனக்கு எழுது. பாலிஷ் மட்டும் போட வேண்டாம் என்று அவளிடம் சொல், எழுத்து தேய்ந்துவிடும்.

அன்புடன்,
அப்பா