தீர்த்தத் தொட்டியை வாசலிலிருந்து எடுக்காதீர்கள்

புதுச்சேரியில் பழைய கத்தோலிக்கக் கோயில்களைப் புதுப்பிக்கும் பங்குப்பேரவையினருக்கு,

தோத்திரம்.

நம் பக்கத்துக் கோயில் ஒன்றில் தரைக்குக் கிரானைட் போட்டபோது, வாசலில் இருந்த கல் தீர்த்தத் தொட்டியை, அதாவது உள்ளே நுழைவோர் விரல் நனைக்கும் மந்திரித்த நீர்த் தொட்டியை, பெயர்த்துத் தோட்டத்தில் வைத்து அதில் செடி நட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது குழாய் வைத்த பிளாஸ்டிக் கேன். 2020-ல் கொரோனாவுக்குப் பயந்து தண்ணீரை வடித்தது சரிதான். தொட்டியையே அகற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆதித் திருச்சபையில் கோயில் முற்றத்தில் நீரூற்று இருந்தது. கைகழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ரோமையின் பழைய இராயப்பர் (பேதுரு) கோயிலிலும் அப்படித்தான். அந்த நீரூற்றுக்குக் ‘காந்தாருஸ்’ என்று பெயர். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரட்டைக் கைப்பிடிக் குடிகலம் என்று பொருள். அந்த வழக்கத்தின் வாரிசுதான் நம் வாசல் தொட்டி. ஆங்கிலத்தில் இந்தத் தொட்டியை ‘ஸ்டூப்’ என்பதும் பழைய நார்ஸ் மொழியில் கோப்பையைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே.

நம் ஊருக்கு நெருக்கமான பிரெஞ்சுப் பெயர் ‘பெனித்தியே’. ஆசீர்வதித்தல் என்ற வேரில் பிறந்தது. ராட்சதச் சிப்பிக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான், அதன் ஓட்டில் தீர்த்தம் வைத்ததால். பாரீஸ் சேன் சுல்பிஸ் கோயிலில் அப்படி இரண்டு ஓடுகள் இன்றும் இருக்கின்றன. வெனிஸ் குடியரசு, பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்கு அளித்தவை. பதினைந்தாம் லூயி கோயிலுக்குக் கொடுத்தார். பீடங்களைச் செதுக்கியவர் சிற்பி பிகால். நம் முன்னோரோ ‘தீர்த்தம்’ என்றே தயங்காமல் அழைத்தார்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

அதில் விரல் நனைத்துச் சிலுவை வரையும்போது நம் ஞானஸ்நானத்தைப் புதுப்பிக்கிறோம். பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய தபசுகாலம் முழுதும் தொட்டியைக் காயப்போடுவதும் தவறு. வத்திக்கான் திருவழிபாட்டுப் பேராயம் 2000-லேயே கூடாது என்று சொல்லிவிட்டது. அதன் முடிவில், பாஸ்காவை ஒட்டிய புனித நாட்களில் மட்டும் காலியாக வைப்பதுதான் முறை.

எனவே கேட்கிறேன். வேலை தொடங்குமுன் தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கும் என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்குங்கள். சுத்தம்தான் கவலையென்றால், கோயில்பிள்ளை வாரந்தோறும் வடித்துத் தேய்த்துக் கழுவட்டும். பழைய தீர்த்தத்தைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்றட்டும். ஏற்கெனவே பெயர்த்துவிட்டவர்கள், வரும் பங்குத் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் அதை மீண்டும் வாசலில் பதித்துவிடுங்கள். மறைக்கல்விப் பிள்ளைகளை அன்று கூட்டிவந்து, அந்தக் கல் ஏன் அங்கே நிற்கிறது என்று பங்குச் சாமியாரே சொல்லட்டும்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவர்